பழைய பிரியஸுக்கு டீலர் நீட்டும் பட்டியல்: எதைச் செய்வது, எதை விடுவது

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், அதாவது 2010 முதல் 2015 வரை அமெரிக்காவில் விற்ற மாடல், இன்று பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆளின் கையில் ஓடுகிறது. 1 லட்சம் மைலைத் தாண்டிய வண்டியை ஆயில் மாற்ற டீலரிடம் விட்டால், சாவியோடு ஒரு நீளமான தாளும் கைக்கு வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும் அந்தத் தாளில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் குறைவிருக்காது. கீழே மொத்தத் தொகை. சில சமயம் அது வண்டியை விற்றால் கிடைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி) என்ற சொல்லுக்கே பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுபவர்கள் உண்டு. டீலர் என்றாலே கொள்ளை என்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் ஆயிலைத் தவிர எதையுமே தொடாதவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரின் வண்டிகள் நடுவழியில் நிற்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். டீலர் தாளில் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டியின் ஆயுளையே தீர்மானிக்கும் ஓரிரு வேலைகள் அந்தத் தாளில் வருவதே இல்லை. ஆகவே பட்டியலில் வெட்டி மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பங்கை, பட்டியலில் இல்லாத அந்த வேலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் குடியிருப்பில் ஒரு அக்கா இருக்கிறார். அவரிடம் 2012 பிரியஸ், 1,28,000 மைல் ஓடியது. “தம்பி, இதெல்லாம் இப்பவே செய்யலைன்னா ஹைவேல நின்னுடுமா? பையன் இதுலதான் காலேஜ் போறான்” என்று தாளை நீட்டினார். இரண்டாயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே நின்றது தொகை. நடுவில் ஒரு வரி: பவர் ஸ்டீயரிங் ஆயில் ஃப்ளஷ். பானெட்டைத் திறந்து காட்டினேன். இந்த வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது மின்மோட்டார். அதற்கு ஆயிலும் இல்லை, ஆயில் ஊற்றும் டப்பாவும் இல்லை. அக்கா போன் செய்து கேட்டதும், “பேக்கேஜ்ல தானா வந்துடுச்சு மேடம்” என்கிற பொருள்படச் சொல்லி சர்வீஸ் அட்வைசர் அந்த வரியை எடுத்துவிட்டார்.

யாரும் திட்டம் போட்டு ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. மைல் கணக்கைத் தட்டினால் கம்ப்யூட்டர் ஒரு பேக்கேஜைத் துப்புகிறது, எல்லா மாடலுக்கும் கிட்டத்தட்ட ஒரே பேக்கேஜ். பல டீலர்களில் அட்வைசருக்கு விற்பனையைப் பொறுத்துக் கமிஷனும் உண்டு. அதனால் அவருக்கு அந்தப் பட்டியலைச் சுருக்க எந்தக் காரணமும் இல்லை. சுருக்குவது நம் வேலை.

முதலில், வண்டியில் அந்தப் பாகம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியே சில வரிகளை அடித்துவிடும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இன்ஜினுக்கு வெளியே ஓடும் பெல்ட் ஒன்றுகூடக் கிடையாது. வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், ஸ்டீயரிங் எல்லாம் மின்சாரத்தில் இயங்குகின்றன. ஆல்டர்னேட்டர் இல்லை, தனியான ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. உள்ளே டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். இதற்கு முந்தைய 2004–2009 மாடலில் வாட்டர் பம்பை ஓட்ட ஒரு பெல்ட் உண்டு, அதைப் பார்த்து மாற்றச் சொன்னால் நியாயம். 2010 முதல் வந்த வண்டிக்குச் சொன்னால், எதிரில் இருப்பவர் உங்கள் வண்டியைப் பார்க்காமலே பேசுகிறார்.

அடுத்து, மேனுவல். காரோடு வரும் பெரிய புத்தகத்தைச் சொல்லவில்லை. வாரன்ட்டியும் பராமரிப்பு அட்டவணையும் உள்ள சின்னப் புத்தகம் தனியாக உண்டு. தொலைத்துவிட்டால் டொயோட்டாவின் ஓனர் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அட்வைசரிடம் சண்டை போட வேண்டியதே இல்லை. “இது அட்டவணையில் எத்தனை மைலுக்கு வருகிறது?” என்று மட்டும் கேளுங்கள். “டீலர் பரிந்துரை” என்று பதில் வந்தால், அது கம்பெனி சொன்னது இல்லை, கடை சொன்னது. கடை சொன்னதில் நல்லதும் இருக்கலாம், அதைத் தனியாக எடைபோட வேண்டும், அவ்வளவுதான்.

வாரன்ட்டி போய்விடும் என்று யாராவது மிரட்டினால் கண்டுகொள்ள வேண்டாம். இவ்வளவு பழைய வண்டிக்கு வாரன்ட்டி ஏற்கெனவே முடிந்திருக்கும். அந்த மாடல்களின் ஹைப்ரிட் பேட்டரிக்கு அமெரிக்காவில் 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல், கலிஃபோர்னியா மாசு விதியைப் பின்பற்றும் மாநிலங்களில் 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல். புதிய வண்டியாகவே இருந்தாலும், சர்வீஸைத் தங்களிடம்தான் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட 1975-இன் மேக்னசன்–மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. பில்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

பட்டியலில் வரி வரியாக

கியர் ஆயிலில்தான் விவாதம் அதிகம். டொயோட்டாவின் அமெரிக்க அட்டவணை சாதாரண ஓட்டத்துக்கு இதை மாற்றச் சொல்வதில்லை, பரிசோதிக்க மட்டுமே சொல்கிறது. டீலர் ஃப்ளஷ் செய்யச் சொல்கிறார். என் கருத்து இரண்டுக்கும் நடுவில். பிரியஸின் கியர்பாக்ஸான டிரான்ஸாக்ஸிலில் சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இருப்பதுபோல் தேயும் கிளட்ச் தகடுகளோ டார்க் கன்வெர்ட்டரோ கிடையாது. இரண்டு மின்மோட்டார்கள், இரண்டு கோள் கியர் தொகுதிகள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆயில் கியர்களுக்கு வழுவழுப்பைத் தருவதோடு மோட்டார் சுருள்களின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு லட்சம் மைல் ஓடிய ஆயிலை வடித்துப் பார்த்தால் கறுத்துப்போயிருக்கும். ஆகவே ஒருமுறை வடித்துப் புதிதாக நிரப்புவது நல்லது. கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர் டொயோட்டா ஏடிஎஃப் டபிள்யூஎஸ் ஆயிலும், இரண்டு போல்ட்டுக்குப் புது வாஷரும் போதும். மெஷின் வைத்து அழுத்தி மாற்றும் ஃப்ளஷ் வேண்டாம். ‘டிரெயின் அண்ட் ஃபில்’ என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், விலை சட்டென்று இறங்கும்.

கூலன்ட் விஷயத்தில் டீலர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். இந்த வண்டியில் கூலன்ட் ஓட்டம் இரண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு. டப்பாவும் தனித்தனி. அட்டவணைப்படி இன்ஜின் கூலன்ட் முதலில் 1 லட்சம் மைல் அல்லது 10 ஆண்டில், இன்வெர்ட்டர் கூலன்ட் 1.5 லட்சம் மைல் அல்லது 15 ஆண்டில். அதன் பிறகு இரண்டுக்கும் 50,000 மைல் அல்லது 5 ஆண்டு. மைல் வராவிட்டாலும் ஆண்டு வந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2012 வண்டிக்கு இன்ஜின் கூலன்ட் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு கூலன்ட்டையோ அதற்கு ஈடானதையோ ஊற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஓட்டத்தில் காற்று சிக்காமல் வெளியேற்றத் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும். காற்று நின்றால் இன்வெர்ட்டர் சூடாகும், அதன் விலையை நினைத்தால் இந்த வேலைக்குக் கொடுக்கும் காசு வீணே இல்லை.

பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஒரு மெல்லிய மோட்டார் சத்தம் கேட்கிறதல்லவா, அது பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் சத்தம். அந்தப் பம்பும் அதன் வால்வுகளும் சேர்ந்த தொகுதி போனால் செலவு ஆயிரங்களில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் உலோகத்தை அரிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மலிவான காப்பீடு. ஒரே நிபந்தனை, இதைச் செய்பவரிடம் டொயோட்டாவின் ஸ்கேன் கருவியோ அதே வேலையைச் செய்யும் இன்னொன்றோ இருக்க வேண்டும். பெடலை மிதித்துக் காற்றெடுக்கும் பழைய முறை இங்கே சரிப்படாது.

பிரேக் பேட் வேறு கதை. வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரியஸின் பேட்கள் 1 லட்சம் மைல் தாண்டுவது சாதாரணம். “மஞ்சள்” என்று காட்டினால், “எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?” என்று கேளுங்கள். 5 மி.மீ. என்றால் இந்த வண்டியில் இன்னும் சில வருஷம் போகும். நியூஜெர்சி, மிச்சிகன் பக்கம் பனிக்கு உப்புக் கொட்டும் ஊரில் இருப்பவர்களுக்குப் பேட் தேய்வதைவிட, பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்கள் துருவேறி இறுகிக்கொள்வதுதான் தொல்லை. பேட்டை மாற்றுவதற்குப் பதில், கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர் க்ளீனிங், இன்ஜின் ஃப்ளஷ் இரண்டையும் விட்டுவிடலாம். இந்த 1.8 லிட்டர் இன்ஜினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது, அதனால் வால்வின் முதுகு தானாகவே கழுவப்படுகிறது. வீல் அலைன்மென்ட், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் மட்டும். ஏசி ஃபில்டர் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிட வேலை. இன்ஜின் ஏர் ஃபில்டரும் அப்படித்தான். கடையில் வாங்கிப் போட்டால் டீலர் கேட்பதில் கால்வாசி ஆகும். ஸ்பார்க் பிளக் 1,20,000 மைலில் மாற்ற வேண்டியது, அக்கா வண்டிக்கு அந்த வரி சரியாகவே இருந்தது.

இன்ஜின் ஆயிலிலும் நான் டீலர் பக்கம். மேனுவல் 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயிலுக்கு 10,000 மைல் தருகிறது, டீலர் 5,000 என்கிறார். இந்தத் தலைமுறை இன்ஜின்களில் பல, வயதானபின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கின்றன. 10,000 மைல் வரை பானெட்டையே திறக்காமல் ஓட்டினால் டிப்ஸ்டிக்கில் ஒன்றும் ஒட்டாத நிலைகூட வரலாம். 5,000-க்கு மாற்றுங்கள், இடையில் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள்.

பட்டியலில் வராத வேலைகள்

இங்கேதான் மிச்சப்படுத்திய பணம் போக வேண்டும்.

முதலாவது, ஈஜிஆர். எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு இது. அந்தப் புகையைக் குளிர்விக்கும் கூலருக்குள் மெல்லிய துளைகள். ஆண்டுக்கணக்கில் கரி படிந்து அவை அடைத்துக்கொள்கின்றன, கழற்றிய கூலரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளியே வராத அளவுக்கு. இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் சின்ன வழிகளிலும் இதே கரி. குளிர்ந்த புகை போதாமல், சமமாகவும் பிரியாமல் போகும்போது சிலிண்டரில் சூடு ஏறுகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பேர்போன வியாதியான ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) உடைவுக்கு இந்த வண்டிகளைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காலையில் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் சில நொடி கடகடவென்று உலுக்கினால், கீழே ஒழுகாமலேயே கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கினால், நாளைக் கடத்த வேண்டாம். அதற்கு முன்பே, 1 லட்சம் மைலை ஒட்டி, கூலரையும் குழாயையும் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவினால் பல மணி நேரக் கூலியும் சில கேஸ்கெட்டுகளும்தான் செலவு. இது பராமரிப்பு அட்டவணையில் இல்லை, அதனால் பேக்கேஜிலும் வராது.

இரண்டாவது, ஹைப்ரிட் பேட்டரியின் மின்விசிறி. பின்சீட்டின் ஓரத்தில், பயணி பக்கத்தில், ஒரு காற்றுத் துளைத் தட்டி இருக்கும். அதன் வழியாகத்தான் பேட்டரிக்குக் குளிர்காற்று போகிறது. அதன்மேல் ஸ்வெட்டரையும் பையையும் போட்டுவைத்திருக்கும் வண்டிகள் எத்தனையோ. நாய் வளர்க்கும் வீட்டு வண்டி என்றால் விசிறியின் இலைகளில் முடி கம்பளிபோல் சுற்றியிருக்கும். பேட்டரியின் 28 மாட்யூல்களும் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கப்பட்டவை, நடுவில் இருப்பவை முதலில் சூடாகிச் சாகின்றன. டீலர் தாளில் ‘ஹைப்ரிட் பேட்டரி சர்வீஸ்’ என்று இருந்தால், விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது நல்ல வரி. ஸ்கேனரைச் செருகி ஒரு தாள் அச்சடித்துத் தருவது மட்டும்தான் என்றால், சில பத்து டாலருக்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் அதைச் செய்துவிடும். 14 பிளாக்குகளின் (இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக்) வோல்ட்டையும் பாருங்கள். மேடேறும்போது ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால், பேட்டரிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.

மூன்றாவது, பின்னால் டிக்கியில் ஒளிந்திருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது தளர்ந்தால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும், ஹைப்ரிட்டே போய்விட்டது என்று மனசு பதறும். பெரிய எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள். பயணிகள் அறைக்குள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பொருந்துகிற ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும்.

யாரிடம் செய்வது?

முழுப் பட்டியலையும் டீலரிடமே முடிப்பது, நேரமே இல்லாதவருக்கு வசதி, அவ்வளவுதான். வரலாறே தெரியாத வண்டியை வாங்கியிருந்தால் ஆயில், கூலன்ட் வகையறாக்களை ஒருமுறை மொத்தமாக மாற்றிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதில் அர்த்தம் உண்டு, அப்போதும் ஃப்ளஷ், க்ளீனிங் வரிகளை வெட்டிவிட்டு.

மேனுவலை மட்டும் பின்பற்றுவது முழுப் பட்டியலைவிட நல்ல வழி. ஆனால் அந்த அட்டவணை புது வண்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பன்னிரண்டு வருஷ இன்ஜின் குடிக்கும் ஆயிலும் ஈஜிஆர் கரியும் அதில் இல்லை. 60,000 மைல் ஓடிய வண்டிக்கு இது போதும், 1,30,000-க்குப் போதாது.

ஹைப்ரிட் தெரிந்த தனி மெக்கானிக்குதான் என் தேர்வு. மணிக்கூலி டீலரைவிடக் குறைவு, ஈஜிஆர் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. முதல் போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: “ஈஜிஆர் கூலரைக் கழற்றிக் கழுவுவீர்களா? பிரேக் ஆயில் மாற்ற ஸ்கேன் கருவி வைத்திருக்கிறீர்களா?” இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினாலும் வேறு கடை பாருங்கள். தெருமுனை ஆயில் கடையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

டீலரிடம் போக ஒரு கட்டாயக் காரணம் உண்டு: ரீகால். 2014 பிப்ரவரியில் இதே தலைமுறை பிரியஸ் 19 லட்சம் வண்டிகளை இன்வெர்ட்டர் மென்பொருளுக்காக உலகம் முழுக்க டொயோட்டா திரும்ப அழைத்தது. 2018 அக்டோபரில் இன்னொரு ரீகால், பிரியஸும் டொயோட்டாவின் இன்னொரு மாடலான ஆரிஸும் சேர்ந்து 24 லட்சம். முந்தைய ஓனர் இவற்றைச் செய்தாரா என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை (வின்) போட்டால் பாக்கி இருப்பதைக் காட்டும், செலவு டொயோட்டாவுடையது. ஆரஞ்சு நிற உயர்மின் கம்பிகளைத் தொடும் எந்த வேலையையும் வீட்டு வாசலில் வைத்து நாமே செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வண்டிக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இது: ரீகால் சரிபார்ப்பு, ஆயில், இன்ஜின் கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், ஈஜிஆர் கழுவல், பேட்டரி விசிறி. ஸ்பார்க் பிளக்கும் ஈஜிஆரும் ஒரே நாளில் நடந்தால் கழற்றி மாட்டும் கூலியில் ஒரு பங்கு மிஞ்சும். கியர் ஆயில் அடுத்த ஆறு மாதத்தில். இரண்டு ஃபில்டரையும் பையன் தானே மாற்றிக்கொள்கிறான். டீலர் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைந்தது, ஆனால் ‘பாதிக்குப் பாதி லாபம்’ என்று சொல்லும்படி இல்லை, ஏனென்றால் ஈஜிஆர் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கை வேறு கம்பெனி ஹைப்ரிட்டுக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது. பழைய ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்டில் இருப்பது உலோக பெல்ட் ஓடும் சாதாரண சிவிடி கியர்பாக்ஸ். அங்கே ஆயில் மாற்றும் கெடுவைத் தவறவிட்டால் கியர்பாக்ஸே போகும், டீலர் சொன்னால் அன்றே செய்துவிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் ஏற்கெனவே போய்விட்டது என்றால் பராமரிப்புப் பேச்சே முடிந்தது. அப்போது கையில் இருக்கும் வழிகள் கேஸ்கெட் வேலை, பழைய இன்ஜின் ஒன்றை மாட்டுவது, இருக்கிற நிலையில் விற்பது. பேட்டரி நன்றாக இருந்து பாடியில் துருவும் இல்லையென்றால், ஹெட்டை மெஷின் ஷாப்பில் சமன்செய்து கேஸ்கெட் போடுவதை நான் யோசிப்பேன், அதுவும் ஈஜிஆரை அதே வேலையில் கழுவித் தருகிற கடையில் மட்டும். பேட்டரியும் தளர்ந்திருந்தால் விற்றுவிடுவேன்.